வாரண்டி அட்டை வீட்டைக் காக்குமா?

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கண்டி நகரிலுள்ள மின்சாதனக் கடையொன்றிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அண்மையில் திருமணம் முடித்தவன். கட்டுகஸ்தோட்டையில் சிறியதொரு வீட்டைக் கட்டி முடித்து, சாமான்கள் வாங்கிக் கொண்டிருக்கிறான்.

"மாமா, பிரிஜ் ஒண்டு பாத்தேன். ரெண்டு லட்சம். கம்பனி ரெண்டு வருஷம் வாரண்டி தருது. இன்னும் இருபத்திரெண்டாயிரம் கட்டினா மேலதிகமா மூணு வருஷம் தாராங்களாம். எடுக்கட்டா, வேணாமா?"

"அரை மணித்தியாலம் பொறு மகன், யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

முன்னரெல்லாம் இப்படியான கேள்விக்கு நான் யோசிப்பதே இல்லை. "எடுத்துப் போடு, பிறகு கவலையில்லை" என்று உடனே சொல்லிவிடுவேன். வியாபாரம் செய்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குடும்பத்தாரும் நம்பி விடுவார்கள். இம்முறை அப்படிச் சொல்ல என் நாவு எழவில்லை. அதற்கான காரணத்தை மறைக்காமல் எழுதினால் எமது வியாபாரிகளுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான்கு அட்டைகள்

என் தம்பியின் வீடு அக்குறணைக்கு மேலே, சரிவான காணியொன்றில் இருந்தது. வீட்டு வேலை முடிந்து குடிபோகும்போது குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, சுடுநீர் இயந்திரம் ஆகிய நான்கையும் ஒரே கடையில் வாங்கினான். நான்குக்கும் மேலதிக வாரண்டி எடுக்கச் சொன்னவன் நான்தான். எல்லாமாகச் சுமார் 70,000 ரூபா மேலதிகமாகக் கட்டினான்.

அதே நாட்களில் தகாபுல் பிரதிநிதி ஒருவர் வீட்டைப் பற்றிப் பேச வந்தார். "இன்சூரன்ஸ் எல்லாம் எங்களுக்குக் கூடாதே" என்று தம்பி ஒரு வார்த்தையில் அனுப்பி வைத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தது. நவம்பர் 28ஆம் திகதி அது நாட்டுக்குள் நுழைந்தபோது மலைநாட்டில் கொட்டிய மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கம்பளை நகருக்குள் மகாவலி புகுந்தது. மலைச்சரிவுகள் பல இடங்களில் இறங்கின. நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. தம்பியின் குடும்பம் அன்று மாலையே கீழே உறவினர் வீட்டுக்கு இறங்கி விட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் பின்பக்கத்து அணைச்சுவர் மண்ணோடு சேர்ந்து சரிந்து, சமையலறையையும் அதற்கு அடுத்த அறையையும் கொண்டு போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி ஒரு பிளாஸ்டிக் பைலுடன் என் கடைக்கு வந்தான். உள்ளே நான்கு வாரண்டி அட்டைகளும் பற்றுச்சீட்டுகளும் பத்திரமாக இருந்தன.

"நானா, இதுல ஏதாவது கிடைக்குமா?"

கண்ணாடியைப் போட்டுக் கொண்டு நான்கையும் முதல் வரியிலிருந்து வாசித்தேன். வாங்கச் சொன்ன நாளில் அதைச் செய்திருக்க வேண்டும். நான்கிலும் ஒரே விஷயம் சிறிய எழுத்தில் இருந்தது: வெள்ளம், மண்சரிவு, மின்னல் போன்ற இயற்கை அனர்த்தங்களால் ஏற்படும் சேதத்துக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. கடைக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எழுதித்தான் தந்திருக்கிறார். நாங்கள்தான் வாசிக்கவில்லை.

சில இலட்சம் ரூபா பெறுமதியான நான்கு சாமான்களுக்கு எழுபதாயிரம் கட்டியவன், ஒரு கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய வீட்டுக்கு ஒரு சதமும் கட்டவில்லை. அந்தப் புத்திமதியில் என் பங்கும் இருக்கிறது.

மூன்று வெவ்வேறு காகிதங்கள்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் சிலர் என்னிடம், "அமெரிக்காவில் ஹோம் வாரண்டி என்று ஒன்று உண்டாமே, இங்கே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே 1971இல் 'அமெரிக்கன் ஹோம் ஷீல்ட்' என்ற நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து அந்த வியாபாரம் நடக்கிறது. வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தொகை கட்டுவார். வீட்டிலுள்ள குளிரூட்டி, தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, அடுப்பு போன்றவை பாவனையில் தேய்ந்து பழுதானால் கம்பனி தன் ஆளை அனுப்பித் திருத்தித் தரும். ஒவ்வொரு தடவை ஆள் வரும்போதும் தனியாக ஒரு கட்டணமும் உண்டு. தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவற்றுக்கு வேறாகக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

எமது ஊரில் அப்படி வீட்டுக்கு மொத்தமாக ஒரு வாரண்டி வாங்கும் வழக்கம் இல்லை. ஆனால் அந்த வேலைகள் மூன்று காகிதங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. வீட்டைக் கட்டியவர் தரும் பொறுப்பு ஒன்று. சாமான் விற்றவர் தரும் வாரண்டி இன்னொன்று. வீட்டுக்கான காப்புறுதி அல்லது தகாபுல் மூன்றாவது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. தம்பி விட்ட பிழை, இரண்டாவது காகிதம் மூன்றாவதின் வேலையையும் செய்யும் என்று எண்ணியதுதான்.

கட்டியவரின் பொறுப்பு

பிரித்தானியாவில் 1936இல் தொடங்கப்பட்ட தேசிய வீடமைப்பு அமைப்பு ஒன்று, தன்னிடம் பதிந்த நிறுவனங்கள் கட்டும் புதிய வீடுகளுக்குப் பத்து வருட உத்தரவாதம் தருகிறது. இந்தியாவில் 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டைக் கையளித்த நாளிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் கட்டமைப்பில் குறை கண்டால் கட்டியவரே தன் செலவில் திருத்த வேண்டும் என்கிறது.

நாம் வீடு கட்டும் விதம் வேறு. பாஸைக் கூப்பிட்டு, தேநீர் குடித்துக் கொண்டே பேசி, சதுர அடிக்கு ஒரு விலையை முடித்துக் கொள்கிறோம். கூரை ஒழுகினால் பாஸின் தொலைபேசி வேலை செய்யாது. ஆகவே பெரிய வேலை என்றால் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் தேவை. முறையான கட்டட ஒப்பந்தங்களில், மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கை, சாதாரணமாக நூற்றுக்கு ஐந்தளவில், பிடித்து வைத்து, குறைகள் வெளிப்படும் காலம் முடிந்த பின் கொடுப்பது வழக்கம். அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம்.

கண்டிக்கு இந்த ஒரு வருடம் மிகவும் பொருத்தமானது. மே மாதத்துக்குப் பின் வரும் தென்மேற்கு மழையையும், ஒக்டோபருக்குப் பின் வரும் மழையையும் ஒரு வீடு கண்டு விட்டால், எங்கே ஒழுகும், எந்தச் சுவர் வெடிக்கும் என்பது தெரிந்துவிடும். பாஸின் கையில் முழுப் பணத்தையும் மார்ச் மாதத்தில் கொடுத்துவிட்டு ஜூன் மாதத்தில் அவரைத் தேடுவதில் பயனில்லை.

மேலதிக வாரண்டி: கணக்குப் போட்டுப் பாருங்கள்

இப்போது மருமகனின் கேள்விக்கு வருவோம். வியாபாரிக்குப் புரியும் கணக்கு ஒன்று இருக்கிறது. மேலதிக வாரண்டியின் விலையை, அது தவிர்க்கக்கூடிய மிகப் பெரிய ரிப்பயர் செலவால் வகுத்துப் பாருங்கள்.

உதாரணமாக, வாரண்டி 22,000 ரூபா. அந்த மூன்று வருடத்தில் வரக்கூடிய மிகப் பெரிய ரிப்பயர் 50,000 ரூபா என்று வைப்போம். 22ஐ 50ஆல் வகுத்தால் நூற்றுக்கு 44. அதாவது, இதே மாதிரியான நூறு குளிர்சாதனப் பெட்டிகளில் நாற்பத்து நான்காவது மூன்றாம், நான்காம், ஐந்தாம் வருடங்களில் அவ்வளவு பெரிய பழுதைக் கண்டால்தான் கொடுத்த பணம் சரிக்குச் சரியாகும். நல்ல பெயருள்ள ஒரு சாமான் அப்படியா பழுதாகிறது? அப்படித்தான் என்று நினைத்தால் அந்தச் சாமானையே வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல குளிர்சாதனப் பெட்டிகளில் 'பத்து வருட வாரண்டி' என்று ஒட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டும். காஸ் நிரப்புவதற்கும் கூலிக்கும் ஏற்றியிறக்கும் செலவுக்கும் அது வராமல் இருக்கலாம். ஆனாலும் விலையுயர்ந்த பாகத்துக்குக் கம்பனி ஏற்கெனவே பொறுப்பெடுத்திருந்தால், மேலதிக வாரண்டி எந்தப் பாகத்துக்காக என்று கேட்பது உங்கள் உரிமை.

மேலதிக வாரண்டி என்பது விற்பவருக்கு நல்ல வியாபாரம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாமும் வியாபாரிகள்தான். பிரித்தானியாவில் போட்டி ஆணைக்குழு இந்த வியாபாரத்தை ஆராய்ந்து, இதில் நியாயமான போட்டி இல்லை என்று 2003இல் அறிக்கையிட்டது. 2005இல் வந்த உத்தரவின்படி அங்குள்ள கடைகள் சாமானின் விலைக்குப் பக்கத்திலேயே மேலதிக வாரண்டியின் விலையையும் காட்ட வேண்டும். வாங்கியவர் 45 நாட்களுக்குள் மனம் மாறினால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும். சாமான் வாங்கும் சந்தோஷத்தில், கல்லாவுக்கு முன்னால் நின்று கொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் யோசித்து எடுத்த முடிவாக இருக்காது என்பதே இதற்குக் காரணம். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் எமக்கு இது தெரியாத விஷயமல்ல.

எப்போது எடுக்கலாம்?

எல்லா மேலதிக வாரண்டியும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. திடீரென்று ஐம்பதாயிரம் ரூபா செலவு வந்தால் தாங்க முடியாத வீடுகள் இருக்கின்றன. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், தலைவனை இழந்த குடும்பங்கள் ஆகியோருக்குச் சிறு தொகையை முன்கூட்டியே கட்டுவது மனநிம்மதி தரலாம். திரை உடைந்தாலன்றி, தானாகப் பழுதானால் திருத்தவே முடியாத பெரிய தொலைக்காட்சி போன்ற சாமான்களுக்கு, தயாரித்த கம்பனியே நியாயமான விலையில் காலத்தை நீட்டித் தந்தால் அதையும் யோசிக்கலாம்.

எடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, பொறுப்பாளி யார்? தயாரித்த கம்பனியா, கடையா, மூன்றாம் ஆளா? ஐந்து வருடத்துக்கு வாக்குத் தருபவர் ஐந்து வருடம் கடை நடத்துவாரா? 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தபோது உதிரிப்பாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன். அட்டை கையில் இருந்தது, பாகம்தான் நாட்டில் இருக்கவில்லை.

இரண்டாவது, காலம் எப்போது ஆரம்பிக்கிறது? கம்பனியின் வாரண்டி முடிந்த பிறகா, வாங்கிய நாளிலிருந்தா? வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருடம் என்றால், முதல் இரண்டு வருடத்துக்கு ஏற்கெனவே உங்களிடம் இருப்பதையே மீண்டும் வாங்குகிறீர்கள்.

மூன்றாவது, பாகம் மட்டுமா, கூலியும் போக்குவரத்தும் சேர்த்தா? அக்குறணையிலோ மடவளையிலோ மேட்டில் இருக்கும் வீட்டுக்கு ஆள் வருவாரா, அல்லது நீங்கள் லொறி பிடித்துக் கொண்டு போக வேண்டுமா?

நான்காவது, எவை சேராது? கண்டியில் மிக முக்கியமான கேள்வி இது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரம் இடி மின்னல் இல்லாத வாரம் குறைவு. என் வீட்டிலேயே ஒரு ஏப்ரல் மாதம் மின்னலுக்குப் பின் குளிர்சாதனப் பெட்டியின் சர்க்கியூட் எரிந்தது. மேலதிக வாரண்டி இருந்தது. "கறண்ட் கூடிக் குறைஞ்சதால வந்த பழுது ஹாஜியார், இது சேராது" என்றார் பார்க்க வந்த பையன். அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. சில ஆயிரம் ரூபாவுக்கு மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவி ஒன்றைப் பூட்டியிருந்தால், அல்லது இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றியிருந்தால், அந்தச் செலவே வந்திருக்காது.

ஐந்தாவது, எங்கே பாவிக்கிறீர்கள்? இதைக் கடைக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கான சாமானைக் கடையிலோ ஹோட்டலிலோ வைத்தால் வாரண்டி செல்லாது என்று பல அட்டைகளில் எழுதியிருக்கும். ஐஸ்கிறீம் விற்பதற்காக வீட்டுப் பிரீசரை வாங்கிக் கடையில் வைப்பவர்கள், மேலதிக வாரண்டிக்குக் கட்டும் பணத்தைக் கட்டாமலே விடலாம்.

மேலதிக வாரண்டிக்குப் பதிலாக நான் இப்போது செய்வது இதுதான். ஒவ்வொரு சாமான் வாங்கும்போதும் அந்தக் கடையில் மேலதிக வாரண்டிக்குக் கேட்ட தொகையை எழுதிக் கொள்கிறேன். அதே தொகையை வீட்டு ரிப்பயருக்கென்று வைத்திருக்கும் தனிக் கணக்கில் போட்டு விடுகிறேன். ஐந்து சாமானுக்கு இருபதாயிரம் வீதம் என்றால் ஒரு லட்சம். ஐந்தும் ஒரே காலத்தில் பழுதாவது அபூர்வம். ஒன்று பழுதானால் அந்தப் பணத்திலிருந்து திருத்தலாம். ஒன்றும் பழுதாகாவிட்டால் பணம் எம்முடையதே. எந்தச் சிறிய எழுத்தும் அதைத் தடுக்காது.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

எம்மில் பலர் வாங்குபவர்கள் மட்டுமல்ல, வாரண்டி கொடுத்து விற்பவர்களும்தான். மார்க்கத்தில் குறையை மறைத்து விற்பது எவ்வளவு பாரதூரமானது என்பதையும், குறை கண்ட பொருளைத் திருப்பும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதையும் இங்கே விளக்க வேண்டியதில்லை. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 1896இன் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், எழுதித் தராவிட்டாலும் சில பொறுப்புகள் விற்பவருக்கு உண்டு என்கிறது. விற்கும் பொருள் விற்பதற்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும்.

2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றி நுகர்வோர் எழுத்தில் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். இரு பக்கத்தையும் விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ அதிகார சபை உத்தரவிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கம் வாடிக்கையாளர்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அந்த மூன்று மாதத்தை வாங்குபவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பழுதைக் கண்டதும் "பார்ப்போம், பார்ப்போம்" என்று நாளைக் கடத்தினால் அந்த வழி அடைபட்டு விடும். இன்னொரு சிறிய விஷயம்: இன்று கடைகளில் இயந்திரத்தில் அச்சிட்டுத் தரும் பற்றுச்சீட்டு சில மாதங்களில் வெள்ளையாகி விடுகிறது. வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

வாரண்டி கொடுத்து விற்பவர் அதைத் தன் கணக்கில் கடனாகவே எழுத வேண்டும். பெரிய கம்பனிகள் கணக்கியல் நியமங்களின்படி இதற்கென ஒரு தொகையை ஒதுக்குகின்றன. சிறு கடைக்காரரும் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து வைத்தால், வாடிக்கையாளர் பழுதான சாமானோடு வரும்போது முகம் சுளிக்க வேண்டியிராது.

மூன்றாவது காகிதம்

தம்பி "கூடாது" என்று ஒதுக்கியது மூன்றாவது காகிதத்தை. அவனுடைய பேணுதலை நான் குறை சொல்லமாட்டேன். வர்த்தகக் காப்புறுதி ஆகாது, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதி ஆகும் என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985 டிசம்பரில் ஜித்தாவில் தீர்மானித்தது. அந்த அடிப்படையில் வந்ததே தகாபுல். பங்காளிகள் கொடுக்கும் பங்களிப்பு ஒரு பொது நிதியில் சேர்கிறது. நட்டமடைந்தவருக்கு அதிலிருந்து கொடுக்கப்படுகிறது. எமது நாட்டில் 1999இல் 'அமானா தகாபுல்' தொடங்கப்பட்டதிலிருந்து இந்த வாசல் திறந்திருக்கிறது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. சாமானின் விலையோடு சேர்ந்து வரும் கம்பனி வாரண்டி ஒன்று. தனியாகப் பணம் கட்டி, பழுதானால் மட்டும் பயன் பெறும் மேலதிக வாரண்டி இன்னொன்று. இந்த இரண்டாவதை, அதிலும் மூன்றாம் ஆள் விற்பதை, காப்புறுதியின் இன்னொரு வடிவமாகவே பார்க்கும் உலமாக்கள் பலர் இருக்கிறார்கள். ஆகுமென்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. தெரிந்த ஆலிமிடம் அட்டையையே காட்டிக் கேளுங்கள். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? கேட்க வேண்டிய மேலதிக வாரண்டியைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. பதில் ஏற்கெனவே தயாராக இருந்த தகாபுலைக் கேட்காமலே மறுத்து விட்டோம்.

வீட்டுக்கும் கடைக்கும் காப்பு எடுக்கும்போது கண்டிப் பகுதியில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மண்சரிவும் வெள்ளமும் சேர்ந்திருக்கின்றனவா? தீயும் மின்னலும் சாதாரணமாக அடிப்படையில் இருக்கும். மற்றவை ஒவ்வொரு இடத்திலும் வேறுபடும். சேர்ப்பதற்கு மேலதிகமாகக் கட்ட வேண்டி வரலாம். பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் அக்குறணை பஸாரில் என்ன நடக்கும் என்று அங்கே கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலைச்சரிவில் வீடு கட்டுபவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கட்டுவதற்கு முன்பே பெற வேண்டும். அந்த அறிக்கை அனுமதிக்கான ஒரு காகிதம் மட்டுமல்ல. எந்தக் காப்பும் மண்ணை நிறுத்தி வைக்காது.

இரண்டு, கலவரம். 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் தொடங்கி அக்குறணை வரை எரிந்த கடைகளை எவரும் மறக்க மாட்டார்கள். சாதாரண தீக் காப்புறுதி, கலவரத்தில் வைக்கப்பட்ட தீயைத் தானாக உள்ளடக்காது. வேலைநிறுத்தம், கலவரம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழுள்ள தனி நிதியம் ஒன்றின் மூலம் வருகிறது. உங்கள் காப்புறுதிக் கம்பனி வழியாகவே அதைச் சேர்த்துக் கொள்ளலாம். சேர்க்கும்படி நீங்கள் கேட்க வேண்டும்.

மூன்று, தொகை. இதில்தான் எம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மீண்டும் கட்ட 120 இலட்சம் செலவாகும் வீட்டை, கட்டணத்தைக் குறைப்பதற்காக 60 இலட்சத்துக்குப் பதிவார்கள். பிறகு 20 இலட்சம் நட்டம் வந்தால் முழுவதும் கிடைக்கும் என்று எண்ணுவார்கள். கிடைக்காது. பாதிப் பெறுமதிக்குக் காப்பு எடுத்தவருக்கு நட்டத்திலும் பாதிதான், அதாவது 10 இலட்சம்தான் கிடைக்கும். மற்றப் பாதிக்கு அவரே பொறுப்பு. 2022இன் விலையேற்றத்துக்கு முன் பதிந்த தொகையை இன்னும் மாற்றாதவர்கள் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். சீமெந்தும் கம்பியும் அன்றைய விலையில் இல்லை. அதே நேரம் காணியின் விலையைச் சேர்க்க வேண்டாம். மீண்டும் கட்டும் செலவு மட்டும் போதும்.

நான்கு, சாமான் பட்டியல். வீட்டிலுள்ளவற்றையும் கடையிலுள்ள சரக்கையும் படம் பிடித்து, பற்றுச்சீட்டுகளின் பிரதியோடு வேறொரு வீட்டில் வையுங்கள். எரிந்த கடைக்குள் இருந்த கணக்குப் புத்தகம் எவருக்கும் உதவாது.

எதை நாம் தாங்குவோம்?

இத்தனையையும் ஒரே கேள்விக்குள் அடக்கலாம். இந்த நட்டம் வந்தால் நான் என் கையிலிருந்தே தாங்குவேனா? குளிர்சாதனப் பெட்டி பழுதானால் ஒரு மாதம் கஷ்டம். அதைத் தாங்கலாம். அதற்குச் சேமிப்பு போதும். வீடு போனால், கடை எரிந்தால், ஒரு தலைமுறையின் உழைப்புப் போகிறது. அதைத் தனியொருவன் தாங்க முடியாது. பலர் சேர்ந்து சுமக்கும் ஏற்பாடு தேவைப்படுவது அங்கேதான். நாம் தலைகீழாகச் செய்து கொண்டிருக்கிறோம். சிறிய நட்டத்துக்குப் பணம் கட்டிப் பாதுகாப்புத் தேடுகிறோம், பெரிய நட்டத்தைத் தலைவிதியென்று விட்டு விடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பதை நாம் எல்லோரும் மிம்பரில் கேட்டவர்கள்தான்.

அரை மணித்தியாலம் கழித்து மருமகனை அழைத்தேன்.

"மகன், பிரிஜ்ஜை வாங்கு. மேலதிக வாரண்டி வேணாம். அந்த இருபத்திரெண்டாயிரத்தை வெச்சிக்கோ. திங்கக்கிழமை ரெண்டு பேருமாப் போய் வீட்டுக்குத் தகாபுல் என்ன விலையெண்டு கேப்போம். மண்சரிவும் சேருதா எண்டு எழுத்துல வாங்குவோம்."

"சரி மாமா. சின்ன மாமாவையும் கூட்டிட்டுப் போவமா?"

கூட்டிக் கொண்டு போனோம். தம்பி இப்போது கீழே, பாதைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறான். பழைய காணியில் மீண்டும் கட்டலாமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறான். அலுவலகத்தில் தந்த விண்ணப்பப் படிவத்தை அவன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தான். விளங்காத இரண்டு இடங்களில் பேனையால் கோடு போட்டு, கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகுதான் மருமகனைக் கையெழுத்து வைக்க விட்டான்.